சுவர்களில் இருக்கும் மேரிக்கு

என் மேரிக்கண்ணு,

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு கடுதாசிகூடப் போட்டதில்லை. தேவை இருக்கவில்லை. நாகல் நகரில் என் மாடி அறைக்கும் உன் வீட்டுக்கும் நடுவே மூன்றே தெருதான். இப்போது எத்தனை தெரு தாண்டினாலும் நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், கோபித்துக்கொள்ளாதே. உன் படங்களைத் திருவிழாக் கூட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டவள்தானே நீ.

படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் பிரசவம் பார்க்கிற சர்க்கார் மருத்துவச்சி நான். ஊர்க்காரர்கள் நர்சம்மா என்பார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையுமுன் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். பயிற்சிக்கு அனுப்பிவைத்த அண்ணன், வேலை கிடைத்ததும் தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். காலையில் பஸ்ஸேறிப் போவேன், சாயங்காலம் திரும்புவேன்.

அந்த மாடி அறைக்குக் குடிவந்தபோது நாலு சுவரிலும் ஆணி அடித்த ஓட்டைகள் இருந்தன. முன்னே இருந்தவர்கள் படங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். படம் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. எனக்கு மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. கல்யாணத்தில் எடுத்த போட்டோ மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்தி அவரவர் தாயிடம் கொடுத்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், அந்த வெள்ளைச் சதுரங்கள்தான் எதிரே நிற்கும். வீடு பார்க்க வந்த அண்ணி சுற்றிப் பார்த்துவிட்டு, "ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கு கோமதி" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

அந்த வருஷம் தாடிக்கொம்புத் திருவிழாவில் உன்னைப் பார்த்தேன். நயா பைசா வந்த புதிது. கோயிலுக்குப் போகும் பாதையில் சாமி படக் கடைகள் வரிசையாக இருந்தன. பச்சையும் ரோஸுமாக லட்சுமியும் முருகனும் கண்ணாடிக்குள் மின்னிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே இரண்டு வேப்பமரங்களில் கயிறு கட்டி, துணி உலர்த்துவதுபோல் கறுப்பு வெள்ளைக் காகிதங்களைத் தொங்கவிட்டு, கழுத்தில் சிலுவையோடு நீ நின்றுகொண்டிருந்தாய். பெருமாள் கோயில் வாசலில் வேதக்காரப் பெண்ணுக்கு என்ன வேலை என்று பார்க்கத்தான் நான் கிட்டே வந்தேன்.

உன்னிடம் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "சாமி படம் ஒன்னும் இல்லியாம்மா?"

"சாமிக்குப் படம் போட அம்புட்டுப் பேரு இருக்காகய்யா. இந்தக் கெணத்துக்கு யாரு போடுவா?" என்றாய்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் நின்றேன். கிணறு, சந்தை வண்டி, மலைக்கோட்டை, அடுப்பு ஊதும் பெண் என்று வகைக்கு நாலைந்து பிரதிகள் இருந்தன. நீ அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவள், மூக்குப்பொடிக் கடைகளின் லேபிளுக்கு மரக்கட்டை செதுக்கப் பழகியவள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பழைய கதவுப் பலகையில் உளியால் வெட்டி, மை தடவி, காகிதத்தை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்துத்தான் இந்தப் படங்களை எடுத்தேன் என்று நீ சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மை.

கொடைரோடு பிளாட்பாரத்தில் மல்லிகைக் கூடைகள் ரயிலுக்குக் காத்திருக்கும் படத்தை எடுத்துக்கொண்டேன். அரை ரூபாய்தான். கண்ணாடிச் சட்டம் போட அதைப்போல் நாலு மடங்கு ஆகும் என்றேன். "சட்டம் எதுக்குக்கா? மேலயும் கீழயும் ஒரு மூங்கில் குச்சிய ஒட்டித் தொங்கவிடுங்க. காத்தடிச்சா கூடையும் சேந்து ஆடும்" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நான் சரியாக மாட்டியிருக்கிறேனா என்று பார்க்க வந்தாய். மதியம் என்னோடுதான் சாப்பிட்டாய். அதற்கப்புறம் எத்தனை ஞாயிறு?

என் பையில் கத்தரிக்கோலுக்கும் பஞ்சுக்கும் பக்கத்தில் உன் படங்களும் ஊர் ஊராக வந்தன. பிள்ளை பிறந்த வீட்டில் மூன்றாம் நாள் பார்க்கப் போகும்போது ஒரு படத்தைக் காட்டுவேன். வாங்கியவர்கள் உண்டு. "இதப் பாத்துட்டு என்ன செய்ய?" என்று கேட்டவர்களும் உண்டு. பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற வீட்டுப் பாத்திமா பீவி, படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆசையாகத்தான் சொன்னார்: "எல்லாம் நல்லாருக்கு நர்சம்மா. உசுருள்ள உருவத்த எங்க வீட்டுல மாட்ட மாட்டாக. எனக்கு ஒரு மழ போட்டுத் தரச் சொல்லுங்களேன்." நீ பத்து நாள் உட்கார்ந்து மழை வெட்டினாய். சிறுமலைமேல் சாய்ந்து விழும் மழை. கோடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் பார்க்கும்போதே குளிர்ந்தது.

இனி எழுத வேண்டியதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானம், நீ வருகிற நேரமாகியும் வராததால் நான் உன் வீட்டுக்கு வந்தேன். கொடியில் புதுப் படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே படம். ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறாள். ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறது. பின்னால் சுருட்டி வைத்த ஒற்றைப் பாய். ஆணியில் தொங்கும் பை. அந்தப் பை என்னுடையது. அந்த முதுகும் என்னுடையது.

"என்னடி இது?" என்று கேட்டேன்.

"நீங்கதான்க்கா. நான் வரும்போதெல்லாம் இப்பிடித்தான் நிப்பீங்க. படியேறி வரும்போது மொதல்ல உங்க முதுகத்தான் பாப்பேன்."

நீ சந்தோஷமாகச் சொன்னாய். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் வாய் நிற்கவில்லை.

"நான் ஒத்தையில நிக்கிறதப் படம் போட்டு ஊருக்கெல்லாம் விக்கப்போறியா? கண்டவன் வீட்டுச் சொவத்துல நான் தொங்கணுமா? ஒரு நாதியத்தவளப் பாருங்கன்னு எழுதி வேற ஒட்டிரு."

"அக்கா, அது நீங்க மட்டும் இல்ல."

"வேற யாரு?"

நீ கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டாய். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஏன் ஒரு நிமிஷம் பொறுத்து உன் முகத்தைப் பார்க்கவில்லை? அப்பா அம்மா இல்லாமல், வத்தலக்குண்டில் ஒரு அண்ணனைத் தவிர யாருமில்லாமல், ஒற்றை அறையில் பலகை வெட்டிக்கொண்டிருந்தவள் நீ. உன் வீட்டிலும் ஒற்றைப் பாய்தான் இருந்தது.

கொடியிலிருந்த படங்களை நீ ஒவ்வொன்றாக எடுத்தாய். என் எதிரிலேயே கிழித்தாய். அழவில்லை. பிறகு கட்டையை எடுத்து வைத்து இழைப்புளியால் இழைக்க ஆரம்பித்தாய். என் முதுகும் ஜன்னலும் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தன. "ஒன்னு மட்டும் காலைல வித்துருச்சுக்கா" என்றாய், தலை நிமிராமல். "பஸ் ஸ்டாண்டுல. ஒட்டன்சத்திரம் பஸ்ஸுக்கு நின்ன அம்மா ஒருத்தவுக வாங்கினாக. அது என் கையில இல்ல."

நான் திரும்பி வந்துவிட்டேன். ஐந்து மாதம் நாம் பேசவில்லை. மூன்று தெருதான், மேரி. நான் அதை நடக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று நீதான் வந்தாய், முறுக்கும் அதிரசமும் வைத்த தட்டோடு. வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நீ அதற்கு முன் கேட்டதே இல்லை. சாப்பிட்டோம், பேசினோம். படத்தைப் பற்றி நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு நீ வெட்டிய எதிலும் ஆள் இல்லை. ஆளில்லாத கிணறு, ஆளில்லாத ரோடு, ஆளில்லாத சந்தைத் திடல். நான் கவனித்தேன். கேட்கத்தான் இல்லை.

அடுத்த சித்திரையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் பக்கத்தில் இருந்தேன். எத்தனையோ பிள்ளைகளை இந்த உலகத்துக்கு இழுத்து வந்த கை, உன்னை இழுத்துப் பிடிக்க முடியாமல் உன் காலைத் தேய்த்துக்கொண்டு கிடந்தது. கடைசிக்கு முந்தின நாள், "அக்கா, நீங்க போயி செத்த நேரம் சாஞ்சிட்டு வாங்க" என்றாய். நீ என்னிடம் பேசியது அதுதான் கடைசி. என்னை மன்னித்துவிட்டாயா என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சாகப்போகிறாய் என்று சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

உன் அண்ணன் வந்து வீட்டைக் காலி செய்தார். நல்ல மனுஷன்தான். அழுதுகொண்டேதான் செய்தார். அவருக்கு உன் கட்டைகள் வெறும் விறகாகத் தெரிந்தன. நான் பிரசவக் கேஸ் முடிந்து ஓடி வருவதற்குள், பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிட்டார். மல்லிகைக் கூடையும் மழையும் கிணறும் எரிந்துபோயின. அவர்மேல் தப்பில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அதற்கப்புறம் என் அறையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. இனி நீ இருப்பது அரை ரூபாய் கொடுத்து உன்னை வாங்கிப்போனவர்களுடைய சுவர்களில் மட்டும்தான்.

போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வீட்டில் உன் சந்தை வண்டியின் மேல் காலண்டர் தொங்கியது. இன்னொரு வீட்டில் நெல் கொட்டும் குதிரின் ஓட்டையை அடைக்க ஒட்டியிருந்தார்கள். அடுப்பு ஊதும் பெண்ணை வாங்கிய வீட்டில் அந்தப் படம் அடுக்களையிலேயே புகை படிந்து நிஜமான கரியாகிவிட்டது. பாத்திமா பீவி வீட்டில் மட்டும் மழை முன் அறையிலேயே இருந்தது. நீ போன சேதியைச் சொன்னதும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மழ பெய்யாத வருசத்துலயும் எங்க வீட்ல மட்டும் பெய்யுதுன்னு அத்தா சொல்லுவாக" என்றார், தன் தகப்பனாரை நினைத்து.

ஆனால் நான் உண்மையில் தேடியது இவற்றை இல்லை. உனக்குத் தெரியும்.

நீ போய் நாலு வருஷமான பிறகு, போன மாசம் திண்டுக்கல்லில் மருத்துவச்சிகளுக்கெல்லாம் ஒரு கூட்டம் நடந்தது. இடைவேளையில் நான் ஜன்னலோரம் நின்றபோது, ஒட்டன்சத்திரம் பக்கம் வேலை பார்க்கிற ஒரு பெண் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது, "தப்பா நெனைக்காதீங்கக்கா, ஒரு வீட்ல உங்க முதுகப் பாத்திருக்கேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலாசம் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். எவ்வளவு கேட்டாலும் கொடுத்து வாங்கிவிடுவது என்றுதான் போனேன். ஒட்டன்சத்திரம் தாண்டி, முருங்கைத் தோட்டத்துக்குள் ஓட்டு வீடு. வள்ளியம்மாள் என்று பெயர். முப்பது வயதிருக்கும். நான் திண்டுக்கல்லிலிருந்து வருகிறேன், உங்கள் வீட்டில் இருக்கும் படத்தைப் பார்க்க வேண்டும் என்றதும், "உள்ள வாங்க, மொதல்ல மோர் குடிங்க" என்று கூட்டிப்போனாள்.

நடுவீட்டில், சாமி படங்களுக்கு அடுத்தபடி, நல்ல சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கண்ணாடியில் தூசி இல்லை. நான் நின்றேன். அன்றைக்கு உன் வீட்டில் நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை, மேரி. ஜன்னலுக்கு வெளியே நீ தெருவையும் வெட்டியிருந்தாய். தெருமுனையில், எறும்பு அளவுக்கு, யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

"இத எதுக்கும்மா வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

அவள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "பெரியாஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குத் திரும்புற நாளுங்க அது. கொளந்த பொறந்ததுமே தவறிப்போச்சுங்க. பஸ்ஸுக்கு நின்னோம். அவரு எங்கூட ஒரு வார்த்த பேசலீங்க. மாமியாரு ஓயாமப் பேசிட்டே இருந்தாங்க. ரெண்டுமே எனக்குத் தாங்கலீங்க. அங்க ஒரு பொண்ணு படம் வெச்சு வித்துட்டு இருந்துச்சு. இந்தப் பொம்பள மட்டும் எதயும் கேக்காம நின்னா. ஆறுதலும் சொல்லலீங்க, குத்தமும் சொல்லலீங்க. எங்கூட நின்னாப்ல இருந்துச்சு. வாங்கிட்டேன்."

"வீட்ல ஏதும் சொல்லலியா?"

"சொன்னாங்க. மூஞ்சியில்லாத படம் வீட்டுக்கு ஆகாதுன்னாங்க. நான் எடுக்க உடலீங்க. ஆறு மாசம் இவகூடத்தான் நான் இருந்தேன். அவரு அப்பறம் மனசு மாறி, அவரேதான் பழனிக்குக் கொண்டுபோயி சட்டம் போட்டுட்டு வந்தாருங்க."

அதற்குள் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. முதல் குழந்தை தவறியதற்கு அப்புறம் பிறந்த பிள்ளை. சோறு ஊட்டும்போது படத்துக்கும் ஒரு வாய் காட்டினால்தான் சாப்பிடுமாம். படத்திலிருப்பவளை அத்தை என்று கூப்பிடுமாம்.

எனக்குக் கண் மறைத்தது. அவர்கள் பார்க்காதிருக்கட்டும் என்று அங்கிருந்த ஜன்னல் பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்து நின்றேன். பின்னால் குழந்தை சொல்வது கேட்டது: "அம்மா, அத்த."

"யாரப் பாத்தாலும் அத்தைங்கிறா. கோவிச்சுக்காதீங்க" என்றாள் வள்ளியம்மாள்.

நான் திரும்பவில்லை. அது நான்தான் என்று சொல்லவும் இல்லை. சொன்னால் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்திருப்பாள். எதுவும் கேட்காமல் கூட நின்றவளை அவளிடமிருந்து நான் பறித்தது மாதிரி ஆகியிருக்கும். விலை பேசுவதற்காகக் கொண்டுபோன பர்ஸ் பையிலேயே கிடந்தது.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று அவள்தான் கேட்டாள். "இன்னொரு படம் வாங்கணும்னு ரெண்டு மூணு தடவ பஸ் ஸ்டாண்டுல தேடினேனுங்க."

சொன்னேன். அவள் படத்தைப் பார்த்தபடி நின்றாள். "பேரு என்னங்க?"

"ஆரோக்கிய மேரி."

"இத்தன வருசமா வீட்ல வெச்சிருக்கேன், பேரு தெரியாதுங்களே. படத்துல எங்கயும் எழுதலீங்களே" என்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, படத்தைக் கழற்றி, பின்பலகையை நெம்பி எடுத்தாள். பிரசவக் குறிப்பு எழுதுகிற பென்சில் என் பையில் இருந்தது. படத்தின் கீழே, வெள்ளை விட்ட இடத்தில், உன் பெயரை எழுதினேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. வள்ளியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினாள். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றாள். முருங்கைக்காய்ப் பருப்பும் அரிசிச் சோறும். அத்தைக்குக் காட்டிய வாயைக் குழந்தை எனக்கு ஊட்டியது.

"அது நீங்க மட்டும் இல்ல" என்று நீ சொன்னது இவளையும் சேர்த்துத்தானா? இவளுக்கு விற்றுவிட்டு வந்துதானே அன்றைக்கு அதைச் சொன்னாய்? எனக்குத் தெரியாது. நீ வந்து சொல்லப்போவதும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொண்டு போகிறேன். பாத்திமா பீவி வீட்டு மழையின் அடியில் எழுதியாகிவிட்டது. காலண்டருக்குப் பின்னாலிருந்த வண்டியை வெளியே எடுக்கச் சொல்லி, அதிலும் எழுதினேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் இன்னும் ஒன்பது வீடு இருக்கிறது. என் கையால் விற்காத படங்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ தெரியாது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவது அதற்காகத்தான். கரண்டி முதுகால் தேய்த்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று யார் வீட்டிலாவது இருந்தால், இதைப் படித்துவிட்டு அவர்களே உன் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

போன வாரம் மதுரைக்குப் போனேன். ரயிலடிக்கு வெளியே ஒருவர் தானே வரைந்து அச்சுப் போட்ட படங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தார். யாரும் நிற்கவில்லை. வைகை மணலில் ஊற்று தோண்டும் பெண்களின் படம் ஒன்றை எடுத்தேன். விலை கேட்குமுன், "உங்க பேர எழுதிக் குடுங்க" என்றேன். அவருக்குக் கூச்சமாக இருந்தது. "எம் பேரு எதுக்கும்மா?" என்றார். எழுதுகிறவரை நான் நகரவில்லை.

உன்னோடு பேசாத அந்த ஐந்து மாதத்தை நான் உனக்குத் திருப்பித் தர முடியாது. ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன், கண்ணு. கால் நடக்கிறவரைக்கும், யார் தன் கையால் செய்த படத்தைத் தெருவில் வைத்துக்கொண்டு நின்றாலும், நான் நிற்காமல் போகமாட்டேன். என் சுவரில் இடமில்லாவிட்டால், பிள்ளை பிறந்த வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெயர் இல்லாமல் ஒன்றைக்கூட மாட்ட விடமாட்டேன்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
கோமதி